மூன்று சனிக்கிழமைகள்: இணக்கசபைக்குப் போய்வந்த கதை

சாப்பாட்டுக் கடைக்கு, போனுக்கு, பேரூந்துக்கு எல்லாம் விமர்சனம் எழுதுகிறார்கள். இணக்கசபைக்கு ஒருவரும் எழுதி நான் காணவில்லை. பிணக்குகளைக் கோர்ட்டுக்குப் போக முன் பேசித் தீர்க்கப் பார்க்கிற இடம் அது. அரசாங்கக் கடிதத்தில் அதற்குப் பெயர் மத்தியஸ்த சபை. எங்கள் ஒழுங்கையில் வாயில் வருவது இணக்கசபைதான். இந்த வருடம் மூன்று சனிக்கிழமை அங்கே வாங்கில் இருந்து எழும்பினவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். எந்தப் பிரிவின் சபை, எந்தக் கடை என்று எழுதமாட்டேன். கைச்சாத்திட்டு முடித்த விஷயத்தைத் திரும்பக் கிளற எனக்கு விருப்பமில்லை.

நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டிலேயே தையல் செய்கிறேன். பதினேழு வருடம். போன கார்த்திகையில் (நவம்பர்), 18 ஆம் திகதி, ஒரு ஓவர்லொக் மெசின் வாங்கினேன். பாவித்த மெசின்தான், ஆனால் ‘முழுக்கக் கழட்டிப் பூட்டினது’ என்றார்கள். 78,000 ரூபாய். தை மாதம் புது வகுப்பு தொடங்கும் முன் வெள்ளைச் சட்டையும் கவுணுமாக வந்து குவியும். ஓவர்லொக் இல்லாவிட்டால் அந்தத் துணியின் ஓரம் இரண்டு தோய்ச்சலில் பிரிந்துவிடும். அதைக் கடைக்காரரிடம் சொல்லித்தான் வாங்கினேன். ‘நாள் முழுக்க ஓடும், தாங்குமோ?’ என்று கேட்டேன். ‘அக்கா, உது கார்மென்ற் மெசின். நீங்கள் களைச்சாலும் அது களைக்காது’ என்றார்.

ஐந்தாவது கிழமை மோட்டர் சூடாகி ஒரு வாசம் வந்தது. அடுத்த நாள் நூல் பிடிக்கிற கொக்கியும் உடைந்தது. டிசம்பர் 23. வீட்டில் நாற்பத்தியொரு உடுப்பு வெட்டினபடி கிடந்தது. கொக்குவிலில் எனக்குத் தெரிந்த இன்னொரு தையல்காரியிடம் கட்டிக்கொண்டுபோய், உடுப்புக்கு 60 ரூபாய் கொடுத்து ஓரம் அடித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பருவத்தில் எனக்கு மிஞ்சினது ஒன்றுமில்லை.

கடைக்குப் போனால், கொழும்பிலிருந்து மெக்கானிக் வருவார் என்றார்கள். அடுத்த கிழமை. பொங்கல் முடியட்டும். அதற்கடுத்த கிழமை. நானும் மரியாதையாகப் போய் மரியாதையாகத் திரும்பி வந்தேன். பங்குனி பிறந்த பிறகுதான் கடைக்காரர் கதையை மாற்றினார். ‘விற்ற சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை அக்கா, துண்டிலயே கிடக்குதே’ என்றார்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அது பற்றுச்சீட்டே இல்லை. மேலே ‘எஸ்டிமேற்’ என்று அச்சடித்த ஒற்றை. கடைப் பெயரும் இல்லை, சீலும் இல்லை. ‘மெசின் 1, 78,000’. கீழே ‘விற்ற பொருட்கள் மீளப்பெறப்படமாட்டாது’. பதினேழு வருடம் தொழில் செய்கிற நான் அதை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். போனில் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள்: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வாங்கினவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். கேட்டால். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன், நான் கேட்கவில்லையே. அடுத்த அடி இன்னும் பலமானது. அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க இருக்கிற காலம், பொருள் வாங்கின நாளிலிருந்து மூன்று மாதம். பழுதான நாளிலிருந்து இல்லை, வாங்கின நாளிலிருந்து. கார்த்திகை 18 இல் இருந்து விரல் மடித்து எண்ணினோம். மாசி 18. அன்றைக்கு நாங்கள் இருந்தது பங்குனி 14. மெக்கானிக் வருவார் வருவார் என்று என்னை ஏன் இழுத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. விளங்காமல் தற்செயலாகவும் இழுத்திருக்கலாம். நான் இன்னும் முதலாவதைத்தான் நம்புகிறேன்.

உங்களில் யாருக்காவது இப்போது மூன்று மாதத்துக்குள் ஒரு சாமான் பழுதாகி இருந்தால், இந்தக் கட்டுரையை இத்தோடு விட்டுவிட்டு அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள்.

‘அப்ப முடிஞ்சுதோ பிள்ளை?’ என்று கேட்டேன். ‘இல்லை அன்ரி. உங்கட பிரச்சினைக்கு விளக்கம் 1896 இலயே எழுதிக் கிடக்கு’ என்றாள். சிரிப்பு வந்தது. உண்மைதான். அந்த வருடத்தின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தச் சாமானை விற்பதையே தொழிலாகச் செய்கிறவரின் சொல்லை நம்பி வாங்கினால், சாமான் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்பது பேசாமலே அடங்கின நிபந்தனை. ஆனால் அதைக் கொண்டுபோய் எங்கே சொல்வது? தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். நேர்மையான மனிசன். ‘அக்கா, இந்தத் தொகைக்கு நீங்கள் வழக்குப் போட்டால், எனக்குத் தாறதுக்குத்தான் தையல் தைக்கோணும். அதோட இணக்கசபைக்குப் போய் வராமல் கோர்ட் இதை எடுக்கவும் மாட்டுது’ என்றார்.

அது எனக்குப் புதுச் செய்தி. இணக்கசபை என்றால் வேலிச் சண்டைக்காரரைப் பொலிஸ் அனுப்புகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது இது. ஒரு குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கல் பிணக்கு என்றால் முதலில் இங்கே வந்தேயாக வேண்டும். தொடக்கத்தில் அந்த எல்லை 25,000 ரூபாய். பிறகு பல தடவை உயர்த்திவிட்டார்கள். என் 78,000 நன்றாகவே உள்ளே அடங்கியது. இங்கே தீராவிட்டால் ‘இணங்கவில்லை’ என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இல்லாமல் நீதிமன்றப் படி ஏற ஏலாது.

இனிச் சேவையைப் பற்றி.

விண்ணப்பம் சுலபம். தவிசாளருக்கு ஒரு கடிதம், என் பெயர் விலாசம், மற்றப் பக்கத்தார் பெயர் விலாசம், என்ன பிரச்சினை, என்ன வேண்டும். தமிழில் கையால் எழுதினேன். முத்திரை, போட்டோப் பிரதி எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் முடியவில்லை. சட்டத்தரணிமார் அங்கே ஆஜராக முடியாது, இரண்டு பக்கத்துக்கும்தான். எனக்கு இதுதான் பெரிய ஆறுதல். கடைக்காரர் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தால் என் நாக்கு ஒட்டியிருக்கும்.

சபை கூடுவது ஒரு பாடசாலையில். சனிக்கிழமை காலை. வாசலில் ஒரு அறிவித்தல்கூட இல்லை. மதிலுக்கு வெளியே சைக்கிளோடு நின்ற ஒரு ஐயாதான் ‘இணக்கசபைக்கோ பிள்ளை? உள்ள போய் இடக்கைப் பக்கம்’ என்றார். பெரிய மண்டபம், அதற்குள் மூன்று மேசை. ஒவ்வொரு மேசையிலும் மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் தட்டி இல்லை, திரை இல்லை. பக்கத்து மேசையில் ஒரு பெண் சீட்டுக் காசு கேட்டு அழுகிறா. அது முழுக்க எங்களுக்குக் கேட்கிறது. எங்கள் கதையும் அவவுக்குக் கேட்டிருக்கும். சபையில் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியாகப் பாவிக்க முடியாது என்று சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பக்கத்து மேசைக்காரி போய் ஊரில் சொல்லாமல் இருக்க எந்தச் சட்டமும் இல்லை. மலசலகூடம் பூட்டு. திறப்பு யாரிடமோ.

முதல் சனிக்கிழமை கடைக்காரர் வரவில்லை. அவருக்கு அறிவித்தல் பிந்திக் கிடைத்ததாம். இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். வீணாகப் போகவில்லை என்றுதான் சொல்வேன், ஊரில் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்த்தேன். வாசலில் வழி சொன்ன ஐயா கதியால் பிரச்சினைக்கு வந்தவர். பக்கத்து வீட்டார் வேலி அடைக்கும்போது ஒழுங்கைக்குள் ஒரு முழம் தள்ளிக் கதியால் போட்டுவிட்டார்கள் என்பது அவர் வழக்கு. ஒழுங்கையின் அகலம் எவ்வளவு என்று பிரதேச சபைப் பதிவில் இருக்குமாம், ஆனால் கேட்கப் போனால் யாரும் எடுத்துக் காட்டுகிறார்கள் இல்லை. பிறகு எதிர்வீட்டுப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கச் சொன்னாள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்லவேண்டும். இரண்டாம் சனிக்கிழமை ஐயாவிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ‘வழக்கில வெண்டவன் தோத்தான், தோத்தவன் செத்தான் எண்டு அப்பு சொல்லுவார். அந்தாள் செத்ததும் ஒரு காணி வழக்கு முடிய முந்தித்தான்’ என்றார்.

விவாகரத்து விஷயமாக வந்த ஒரு தம்பியைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட வழக்கு இங்கே எடுபடாது. காணிப் பங்கு பிரிக்கிற வழக்கும் அப்படித்தான். அரசாங்கம் ஒரு பக்கமாக இருந்தாலும் இல்லை. வர முன் கேட்டுக்கொண்டு வந்தால் பெற்றோல் மிச்சம்.

இரண்டாம் சனிக்கிழமை கடைக்காரர் வந்தார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. ஆளுக்கு ஒரு மத்தியஸ்தரை நாங்கள் தெரிவு செய்யலாம், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள், அவர்தான் தலைமை. பட்டியலில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு பெண் பெயரைப் பார்த்துச் சொன்னேன். ஓய்வுபெற்ற ரீச்சர். தலைமைக்கு வந்தவர் முந்தித் தபாலதிபராக இருந்தவராம். இவர்களுக்குச் சம்பளம் இல்லை, தொண்டுக்குத்தான் வந்து இருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் அடுத்த பந்திகளை எழுதுகிறேன்.

கடைக்காரர் தொடங்கினார். ‘ஐயா, செக்கன்ட் ஹான்ட் சாமான். வொறன்ரி இல்லை எண்டு சொல்லித்தான் குடுத்தனாங்கள். அக்கா கண்டபடி பாவிச்சிட்டா.’ மச்சான்காரர் இடையில் புகுந்து மோட்டரின் வோல்ற் கணக்கைச் சொல்ல வெளிக்கிட்டார். ரீச்சர் கையை உயர்த்தினா. ‘தம்பி, நீங்கள் ஆர்? நீங்கள் மெசின் வித்தனீங்களோ? அப்ப இருங்கோ.’ அந்த இடத்தில் எனக்கு அவவைப் பிடித்துவிட்டது.

பிறகு தலைமை ஐயா என்னைப் பார்த்தார். ‘அவர் வரேல்லையோ?’

யார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. என் மனிசனைக் கேட்கிறார்.

‘மெசின் ஓட்டுறது நான் ஐயா. வாங்கினதும் நான். அவர் வீட்டில மகனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.’

என்னிடம் ஒழுங்கான பற்றுச்சீட்டு இல்லை. இருந்தது மூன்று சாமான். எஸ்டிமேற் துண்டு. கொக்குவிலில் ஓரம் அடித்ததற்கு அவ கொப்பியில் எழுதித் தந்த கணக்கு. போனில் ஒரு வட்ஸ்அப் குரல். மெசின் வாங்கின மறுநாள் நூல் கோர்க்கிற விதம் கேட்டுக் கடைப் பெடியனுக்கு அனுப்பியிருந்தேன், அவன் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் தன்பாட்டில் ஒரு வசனம் சேர்த்திருந்தான்: ‘மூண்டு மாசத்துக்கு ஒண்டும் வராதக்கா, வந்தா நாங்கள் பார்ப்பம்.’ அதைப் போட்டுக் காட்டினேன். மண்டபத்தில் மற்ற இரண்டு மேசையும் ஒரு கணம் அமைதியாகிவிட்டது. தட்டி இல்லாததற்கு அன்றைக்கு நன்றி சொன்னேன்.

‘உங்கட கடைப் பெடியன்ர குரல்தானே?’ என்றார் ஐயா.

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். ‘இப்ப அவன் வேலையில இல்லை ஐயா.’

‘அதைக் கேக்கேல்லை.’

அதற்குப் பிறகு கதை ‘பொறுப்பில்லை’யிலிருந்து ‘எவ்வளவு’க்கு மாறியது. 25,000 தருகிறேன் என்றார். நான் 78,000 இல் நின்றேன். இந்த இடத்தில்தான் சபையின் குணம் தெரியும். இது கோர்ட் இல்லை. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், சொல்ல அதிகாரமும் இல்லை. இரண்டு பேரையும் நடுவுக்கு இழுப்பதுதான் வேலை. இழுக்கும்போது யார் மென்மையாக இருக்கிறார்களோ அவரைத்தான் முதலில் இழுக்கிறார்கள். ‘பிள்ளை, கொஞ்சம் விட்டுக்குடுங்கோ’ என்பதை எனக்கு நான்கு தரம் சொன்னார்கள், எண்ணினேன். அவருக்கு ஒரு தரம். சத்தம் போடுகிறவரை அமைதிப்படுத்தவே பாதி நேரம் போகிறது, பேசாமல் இருக்கிறவளிடம் விட்டுக்கொடுக்கக் கேட்பது சுலபம். ரீச்சர் மட்டும் ஒரு தரம் குனிந்து, ‘எதுக்குக் கீழ போகமாட்டீங்கள் எண்டு மனசுக்குள்ள ஒரு கணக்கு வைச்சிருக்கிறீங்களோ?’ என்று கேட்டா. இல்லை என்றேன். ‘அடுத்த கிழமைக்கு வைச்சுக்கொண்டு வாங்கோ’ என்றா. ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் நான் போடுகிற மூன்றரையில் ஒன்று முழுக்க அந்த ரீச்சருக்கு.

அந்தக் கிழமை கணக்குப் பார்த்தேன். ஐந்து கிழமை மெசின் ஓடியிருக்கிறது, அதற்கு ஒரு தொகை கழியவேண்டும் என்பது நியாயம்தான். வழக்கென்று போனால் எத்தனை நாள், எவ்வளவு காசு. 60,000 என்று கொப்பியின் பின் அட்டையில் எழுதி வட்டம் போட்டேன். அதற்குக் கீழே வந்தால் சான்றிதழை வாங்கிக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போவது என்று முடிவு. வசதி குறைந்தவர்களுக்கு வழக்குப் பேச உதவத்தான் 1978 இல் அதை அமைத்தார்கள், யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. போக வேண்டி வரவில்லை. போகலாம் என்று தெரிந்தபடியால் மூன்றாம் சனிக்கிழமை என் குரலே வேறாக இருந்தது.

50,000 வரை வந்து நின்றார். ‘அப்ப சான்றிதழைத் தாங்கோ ஐயா, நான் வாறன்’ என்று எழும்பினேன். நடிப்பில்லை, உண்மையாகவே எழும்பினேன். 60,000 க்கு வந்தார். மெசினை அவர் எடுத்துக்கொள்வது, காசு இரண்டு தவணை.

எழுதின ஒப்பந்தத்தை வாசிக்கத் தந்தார்கள். முதல் தவணைக்குத் திகதி இருந்தது. இரண்டாவதற்கு ‘பின்னர் செலுத்தப்படும்’ என்று இருந்தது. பின்னர் என்றால் எப்போது? மெக்கானிக் வருகிற கிழமையோ? திகதி போடச் சொன்னேன். ஐயாவின் முகம் சற்றுக் கறுத்தது, மத்தியானம் ஆகிவிட்டது, அவருக்கும் பசி. ஆனாலும் வெட்டி எழுதினார், இரண்டு பேரும் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டோம். பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. எல்லாரும் வெளிக்கிடுகிற அவசரத்தில்தான் அந்தத் தாளை நீட்டுவார்கள். வடிவாக வாசியுங்கள்.

18,000 போனது. பருவத்து உழைப்பும் போனது, அதற்கு ஒருவரும் ஈடு தரவில்லை, நான் காட்டின கொக்குவில் கணக்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் குறை இருக்கிறது. ஆனால் பங்குனி 14 அன்று என் கையில் இருந்தது ஒரு எஸ்டிமேற் துண்டு மட்டும்.

முதல் தவணை சொன்ன நாளுக்கு வந்தது. இரண்டாவது ஒன்பது நாள் பிந்தியது. நான் போன் எடுத்து ஒப்பந்தத்தில் இருந்த திகதியை மட்டும் வாசித்துவிட்டு வைத்தேன். அன்றைக்குப் பின்னேரம் கடைக்காரரே மோட்டார் சைக்கிளில் வந்தார். படலையில் நின்றபடியே 30,000 ஐ எண்ணித் தந்தார். நானும் எண்ணினேன். போகாமல் நின்றார்.

‘அக்கா, காசு தந்ததுக்கு ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்.’

மகனின் கொப்பியில் ஒரு ஒற்றை கிழித்து, திகதி போட்டு, ‘இரண்டாம் தவணை 30,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். ஒரு தரம் வாசித்துப் பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.